நீர்மூழ்கிக் கப்பலில் குடித்தனம் நடத்த முடியுமா?

கேள்வி இதுதான்: "வீட்டை விற்றுவிட்டு, பழைய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை வாங்கி, அதிலேயே மனைவி, இரண்டு பிள்ளைகளோடு நிரந்தரமாகக் குடியேறலாம் என்று பார்க்கிறேன். வாடகை கிடையாது, பக்கத்து வீட்டுத் தொல்லை கிடையாது. பணக்காரர்கள் சொந்தமாக நீர்மூழ்கி வைத்திருக்கிறார்களே, இது நடைமுறையில் சாத்தியமா?"

சில நாட்கள் என்றால் சாத்தியம். நிரந்தரமாக என்றால், நீங்கள் வாழப்போவது கடலுக்கு அடியில் இல்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில், தண்ணீர்மேல் மிதந்துகொண்டிருக்கும் ஜன்னல் இல்லாத இரும்புக் குழாய்க்குள்தான் வாழ்வீர்கள். மூழ்குவதற்கென்று செய்த கப்பல் மிதப்பதில் மட்டம். மூழ்கியே கிடக்கவும் அதனால் முடியாது. கடலின் ஆழமோ அழுத்தமோ இதற்குக் காரணம் இல்லை, அதையெல்லாம் பொறியாளர்கள் எப்போதோ சமாளித்துவிட்டார்கள். காற்று, மின்சாரம், எடை, துறைமுகம் என்ற நாலு சாதாரண விஷயங்கள்தான் வீடு கட்ட விடாமல் தடுக்கின்றன.

முதலில், பணக்காரர்கள் வைத்திருப்பது எது என்று பார்த்துவிடலாம். நெதர்லாந்தின் யூ-போட் வொர்க்ஸ், அமெரிக்காவின் ட்ரைட்டன், சீமேஜின் போன்ற நிறுவனங்கள் விற்பவை பெரும்பாலும் கண்ணாடிக் குமிழி போன்ற சிறு கலங்கள். அக்ரிலிக் கோளத்துக்குள் இரண்டு முதல் ஏழெட்டுப் பேர் வரை உட்காரலாம். தாய்க்கப்பலிலிருந்து கிரேன் வைத்து இறக்குவார்கள், சில மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வந்துவிடுவார்கள். படுக்கை கிடையாது, பெரும்பாலானவற்றில் கழிப்பறையும் கிடையாது. நம்மூர் உதாரணமே இருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிவரும் மத்ஸ்யா 6000 கலத்தில் மூன்று பேர் உட்காரும் டைட்டானியக் கோளத்தின் உள்விட்டம் வெறும் 2.1 மீட்டர். 6000 மீட்டர் ஆழம் போக வேண்டிய அந்தக் கலத்தில் வழக்கமான பயணத்துக்கு 12 மணி நேரமும், அவசரத்துக்கு 96 மணி நேரமும் தாங்கும்படி காற்று ஏற்பாடு. இந்த 96 மணி நேரக் கணக்கை இந்தத் துறையில் அடிக்கடி கேட்பீர்கள். மேலே இருப்பவர்கள் தேடிக் கண்டுபிடித்துத் தூக்கும்வரை உயிரோடு இருப்பதற்கான கையிருப்பு அது. குடியிருப்பதற்கான கணக்கு இல்லை.

வீடு என்று சொல்லத்தக்க அளவில் யோசித்த ஒன்றும் உண்டு. யூ-போட் வொர்க்ஸ் 2022ல் நாட்டிலஸ் என்று 37.5 மீட்டர் நீள நீர்மூழ்கி யாட் (சொகுசுக் கப்பல்) ஒன்றை அறிவித்தது. படுக்கையறை, சாப்பாட்டுக் கூடம், மேல்தளத்தில் நீச்சல்குளம் எல்லாம் வரைபடத்தில் இருந்தன. ஆரம்ப விலை 2.5 கோடி யூரோ, நம் கணக்கில் 200 கோடி ரூபாய்க்கு மேல். அவ்வளவு கொடுத்தாலும் தொடர்ந்து மூழ்கியிருக்கக்கூடிய காலமாக நிறுவனமே சொன்னது நாலு நாள்தான்.

ஏன் நாலு நாள்? வாங்க, காற்றுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம்.

பத்துக்குப் பத்து அறை ஒன்றை, உயரமும் பத்தடி என்று வைத்து, காற்றுப் புகாமல் அடைத்துவிடுங்கள். உள்ளே சுமார் 28 கன மீட்டர் காற்று. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் மணிக்குச் சுமார் 20 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். உங்கள் குடும்பம் நாலு பேர் என்றால் மூன்றரை மணி நேரத்தில் அறையில் அதன் அளவு ஒரு சதவீதத்தைத் தொட்டுவிடும். வெளிக்காற்றில் இருப்பது 0.04 சதவீதம்தான், ஞாபகம் இருக்கட்டும். பத்து மணி நேரத்தில் மூன்று சதவீதம்: மூச்சு வாங்கும், தலை வலிக்கும், கணக்குப் போட்டால் தப்பாக வரும். அதாவது மூடிய இடத்தில் ஆக்சிஜன் தீர்வதற்கு முன்னாலேயே நாம் விட்ட மூச்சு நம்மைச் சாய்த்துவிடும். நீர்மூழ்கி என்றதும் எல்லோரும் ஆக்சிஜனைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள், அது இரண்டாவது பிரச்சினை.

இந்த வாயுவை உறிஞ்ச சோடா லைம் என்ற சுண்ணாம்புக் கலவையைப் பயன்படுத்துவார்கள். ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்துக் கருவியில் வெள்ளைக் குருணையாகப் போட்டிருப்பார்களே, அதேதான். ஒரு ஆள் நாளொன்றுக்கு வெளிவிடுவது கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு. அதைப் பிடிக்க நடைமுறையில் மூன்று முதல் ஐந்து கிலோ வரை குருணை வேண்டும். நாலு பேருக்கு நாளைக்கு 15 கிலோ, மாதத்துக்கு அரை டன்னை ஒட்டி வரும். ஒருமுறை உறிஞ்சியது உறிஞ்சியதுதான், அந்தச் சக்கையை எங்கே கொட்டுவது என்பது தனிக் கவலை. ஆக்சிஜனும் சேர்த்துப் பாருங்கள். ஆளுக்கு நாளைக்குச் சுமார் 840 கிராம். கொரோனா காலத்தில் எல்லோரும் தேடி அலைந்த 7 கன மீட்டர் ஜம்போ சிலிண்டர் ஒன்று உங்கள் குடும்பத்துக்கு மூன்று நாள்கூட முழுதாக வராது.

அணுசக்தி நீர்மூழ்கிகள் மாதக்கணக்கில் அடியிலேயே இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன. அணு உலை அவற்றுக்கு அள்ள அள்ளக் குறையாத மின்சாரம் தருகிறது. அதை வைத்துத் தண்ணீரைப் பிரித்து ஆக்சிஜன் எடுக்கிறார்கள். அமீன் கரைசல் ஒன்றில் கரியமில வாயுவைப் பிடித்து, சூடாக்கிப் பிரித்துக் கடலில் விட்டுவிட்டு, அதே கரைசலை மறுபடி பயன்படுத்துகிறார்கள். அவர்களையும் கடைசியில் கரைக்கு இழுத்துவருவது சாப்பாடுதான், காற்று இல்லை. தனியாருக்கு யாரும் அணு உலை விற்கப்போவதில்லை என்பதால் இந்த வழியை மறந்துவிடலாம்.

மிஞ்சுவது டீசல்-மின்சார நீர்மூழ்கி. மேலே இருக்கும்போது டீசல் எஞ்சினை ஓட்டிப் பேட்டரி ஏற்ற வேண்டும், கீழே போனால் அந்தப் பேட்டரியில் ஓட வேண்டும். இரண்டாம் உலகப் போரின் ஜெர்மன் ஏழாம் வகை யூ-போட் நீர்மூழ்கிகள் 67 மீட்டர் நீளம், 40 பேருக்கு மேல் குழு. முழுப் பேட்டரியோடு மணிக்கு 4 கடல் மைல் வேகத்தில் நகர்ந்தால் மூழ்கியபடி 80 கடல் மைல்தான். இருபது மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். நகராமல் விளக்கு, ஃபிரிட்ஜ், ஏசி மட்டும் ஓட்டினால் நாட்கணக்கில் வரும், உண்மைதான். ஆனால் அப்புறம் மேலே வந்தே ஆக வேண்டும். முழுதாக மேலே வராமல் ஸ்நார்கெல் என்ற குழாயை மட்டும் நீட்டி எஞ்சினை ஓட்டலாம். அதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய அலை குழாய் வாயை மூடும்போது வால்வு தானாக அடைத்துக்கொள்ளும். எஞ்சின் நிற்காது, கப்பலுக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்ச ஆரம்பிக்கும். உள்ளே இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் காது அடைக்கும். அலை விலகியதும் பட்டென்று திறக்கும். ராத்திரி முழுக்க இது நடந்தால் பிள்ளைகள் எப்படித் தூங்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பேட்டரி என்றதும் இன்னொன்று. ஈய-அமிலப் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் கசியும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தால் ஒரு பொறி போதும். கடல்நீர் பேட்டரிமேல் பட்டால் குளோரின் வரும். அதனால் கேஸ் அடுப்பு என்ற பேச்சே கிடையாது, எல்லாம் மின்சார அடுப்புதான். மின்சார அடுப்பிலும் தாளிப்பை மறந்துவிடுங்கள். மூடிய குழாய்க்குள் காய்ந்த மிளகாய் தாளித்தால் அந்த நெடி போக இடமே இல்லை. பெயின்ட், பசை, ஸ்ப்ரே வாசனைத் திரவியம் போன்றவற்றைக் கடற்படை நீர்மூழ்கிகளில் கறாராகக் கட்டுப்படுத்துவதும் இதனால்தான்.

அடுத்தது எடை. இதைப் பற்றி வெளியே யாரும் பேசுவதில்லை, உள்ளே இருப்பவர்களுக்கோ நாள் முழுக்க இதே பேச்சுதான். மூழ்கிய நீர்மூழ்கி மிதக்கவும் கூடாது, அமிழவும் கூடாது. தான் விலக்கும் நீரின் எடைக்குச் சரியாகத் தானும் இருக்க வேண்டும். 50 கிலோ அரிசி மூட்டை ஒன்றை உள்ளே கொண்டுவந்தால் 50 கிலோ தண்ணீரைத் தொட்டியிலிருந்து வெளியேற்ற வேண்டும். அந்த அரிசியைச் சமைத்துச் சாப்பிட்டு, கழிவை வெளியே தள்ளியதும் அந்த எடைக்குத் தண்ணீர் மறுபடி உள்ளே வர வேண்டும். மூட்டையை முன்னறையில் வைத்தால் மூக்கு தாழும், பின்னறையில் வைத்தால் வால் தாழும். ஆற்று முகத்துவாரத்தில் நல்ல தண்ணீர் கலந்திருந்தால் கடலின் அடர்த்தியே மாறி, நேற்றுச் சரியாக இருந்த கணக்கு இன்று தப்பாகும். புதிதாக ஒரு பீரோ வாங்கினால்கூடக் கணக்கு நோட்டில் எழுதிவிட்டுத்தான் உள்ளே இறக்க வேண்டும். வீடு என்றால் சாமான் சேரும். இங்கே சேரவே கூடாது.

கழிப்பறைக்கு வருவோம். சிரிக்காதீர்கள், இதனாலேயே ஒரு கப்பல் போயிருக்கிறது. பத்து மீட்டர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் கூடுகிறது. வெளியே அழுத்தம் அதிகம், உள்ளே குறைவு. கழிவை வெளியே தள்ள வேண்டுமானால் அந்த அழுத்தத்தை மீறித் தள்ள வேண்டும், வால்வுகளைச் சரியான வரிசையில் திறந்து மூட வேண்டும். 1945 ஏப்ரலில் ஸ்காட்லாந்து கடற்கரைக்கு அருகே யூ-1206 என்ற ஜெர்மன் நீர்மூழ்கியில் ஆழத்தில் பயன்படுத்தக்கூடிய நவீனக் கழிப்பறை இருந்தது. வால்வு வரிசை தவறியதில் கடல்நீர் உள்ளே பாய்ந்து, கீழிருந்த பேட்டரியைத் தொட்டு, குளோரின் கிளம்பியது. வேறு வழியின்றி மேலே வந்தார்கள், மேலே வந்ததும் எதிரி விமானம் பார்த்துவிட்டது. கப்பலைக் கைவிட வேண்டியதாயிற்று, நாலு பேர் செத்தார்கள். பயிற்சி பெற்ற மாலுமிகளுக்கே இந்தக் கதி. வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கு வால்வு வரிசையை எப்படிச் சொல்லிக்கொடுப்பீர்கள்?

சரி, பழைய போர்க் கப்பல் ஒன்று மலிவாகக் கிடைத்தால்? சோவியத் ஒன்றியம் கலைந்தபின் ஃபாக்ஸ்ட்ராட் வகை நீர்மூழ்கிகள் சில மேற்கு நாடுகளில் தனியார் கைக்கு வந்தன. அவற்றின் கதி என்ன ஆனது என்று பாருங்கள். இங்கிலாந்தின் மெட்வே ஆற்றில் யூ-475 என்ற ஒன்று வருடக்கணக்காகத் துருப்பிடித்துக் கிடக்கிறது. கலிஃபோர்னியாவின் லாங் பீச்சில் பார்வையாளர்களுக்காகக் கட்டிவைத்திருந்த ஸ்கார்ப்பியன் என்ற ஒன்றை, வெளித்தோடு அரித்து நீர் புகுந்ததால் 2015ல் மூடினார்கள். ஜூலியட் என்ற இன்னொரு சோவியத் வகையைச் சேர்ந்த கே-77 ராட் ஐலண்டின் பிராவிடென்ஸ் நகரில் அருங்காட்சியகமாக இருந்தது. 2007 ஏப்ரல் புயலில் கட்டிய இடத்திலேயே மூழ்கிப்போனது. அதைத் தூக்கி எடுக்க ராணுவ முக்குளிப்பாளர்கள் வர வேண்டியிருந்தது, கடைசியில் போனது பழைய இரும்புக்கு. எந்தக் கடலையும் கடக்காமல், ஆழத்துக்கும் போகாமல், சும்மா கயிற்றில் கட்டிக் கிடந்ததற்கே இந்த நிலை. உப்புத் தண்ணீரில் இரும்பை வைத்தால் சில வருடத்துக்கு ஒருமுறை உலர்துறையில் (கப்பலைத் தண்ணீருக்கு வெளியே வைத்துப் பழுதுபார்க்கும் இடம்) ஏற்றிச் சுரண்டி, அரிப்பைத் தடுக்கும் துத்தநாகக் கட்டிகளை மாற்றி, பெயின்ட் அடித்தே தீர வேண்டும். அந்தச் செலவைத் தாங்க முடியாமல்தான் இவை ஒவ்வொன்றாகப் போயின.

உள்ளே எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள அவ்வளவு தூரம் போக வேண்டாம். விசாகப்பட்டினம் ஆர்.கே. கடற்கரையில் ஐஎன்எஸ் குர்சுரா இருக்கிறது. அதே ஃபாக்ஸ்ட்ராட் குடும்பம்தான். 1969ல் கடற்படையில் சேர்ந்து 2001ல் ஓய்வு பெற்று, 2002 முதல் கரையில் அருங்காட்சியகம். 91 மீட்டர் நீளம், அதில் 75 பேர் இருந்தார்கள். நான் போனபோது முதலில் பட்டது அறைக்கு அறை இருக்கும் அந்த வட்டத் துவாரம்: ஒரு காலைத் தூக்கிப் போட்டு, தலையைக் குனிந்து, முதுகை வளைத்துத்தான் நுழைய முடியும். டார்பிடோக்களுக்குப் பக்கத்திலேயே படுக்கைகள். ஏசி போட்டு, பக்கவாட்டில் கதவு வெட்டிக் கொடுத்தும் உள்ளே கூட்டம் நகராமல் நின்றால் பத்து நிமிடத்தில் வியர்க்கிறது. வீட்டில் வயதானவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் அழைத்துக்கொண்டு போய்ப் பாருங்கள், முடிவு சீக்கிரம் கிடைக்கும்.

சட்டம் தனிக்கதை. நாடுகளின் கடல் எல்லை கரையிலிருந்து 12 கடல் மைல். அதற்குள் பிற நாட்டு நீர்மூழ்கி எதுவாக இருந்தாலும் நீர்மேல் வந்து, கொடியைக் காட்டியபடிதான் போக வேண்டும் என்கிறது ஐநா கடல் சட்ட உடன்படிக்கையின் 20ஆம் பிரிவு. கொடி என்றால் ஏதாவது ஒரு நாட்டில் பதிவு வேண்டும், பதிவுக்குப் பெரும்பாலும் கப்பலின் கட்டுமானத்தைச் சோதிக்கும் வகைப்பாட்டு நிறுவனத்தின் சான்று கேட்பார்கள், சான்று இல்லாமல் காப்பீடு கிடைக்காது. கொடியே வேண்டாம் என்று ஒதுங்கவும் முடியாது. கொக்கெயின் கடத்துபவர்கள் நீர்மூழ்கி கட்ட ஆரம்பித்ததால், எந்த நாட்டிலும் பதியாத நீர்மூழ்கியைக் கண்ணில் படாமல் தப்பும் நோக்கத்தோடு சர்வதேசக் கடலில் ஓட்டுவதையே குற்றமாக்கி அமெரிக்கா 2008ல் சட்டம் போட்டது. ரேடாரில் ஒதுங்கிப் போகும் அடையாளம் தெரியாத இரும்பைப் பார்த்து, உள்ளே குடும்பம் ஒன்று நிம்மதியாக வாழ்கிறது என்று எந்தக் கடலோரக் காவல் படையும் நினைக்காது.

இவ்வளவும் சொன்னபிறகும், தண்ணீருக்கடியில் மாதக்கணக்கில் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் யாரும் நீர்மூழ்கியில் வாழவில்லை. ரூடிகர் கோக் என்ற ஜெர்மன் விண்வெளிப் பொறியாளர், தம் 59 வயதில், பனாமா கடற்கரைக்கு அப்பால் 11 மீட்டர் ஆழத்தில் 30 சதுர மீட்டர் அறை ஒன்றில் 120 நாட்கள் தொடர்ந்து இருந்து 2025 ஜனவரி 24 அன்று வெளியே வந்தார். கின்னஸ் சாதனை. கட்டில், கழிப்பறை, டிவி, கணினி, இணையம், உடற்பயிற்சி சைக்கிள் எல்லாம் இருந்தன, குளிக்க ஷவர் மட்டும் இல்லை. வட்ட ஜன்னல் வழியே மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். சூட்சுமம் எங்கே என்றால், அந்த அறையிலிருந்து ஒரு குழாய் செங்குத்தாக மேலே போகிறது, அதற்குள் சுழல் படிக்கட்டு. மேலே தண்ணீருக்கு வெளியே இன்னொரு அறை. காற்று மேலிருந்து வருகிறது. மின்சாரம் மேலே உள்ள சூரியத் தகடுகளிலிருந்து. சாப்பாடு படகில் வந்தது, டாக்டரும் குடும்பத்தாரும் அதே படிக்கட்டில் இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நான் மேலே புலம்பிய காற்று, மின்சாரம், எடை மூன்றையும் ஒரே குழாய் தீர்த்துவிட்டது. நகராத வீடு என்பதால் எடைக் கணக்கு வேண்டாம், எத்தனை மூட்டை அரிசி வேண்டுமானாலும் இறக்கலாம்.

அவருக்கு முன் சாதனை வைத்திருந்தவர் ஜோசப் டிடூரி, அமெரிக்கக் கடற்படையின் முன்னாள் முக்குளிப்பாளர். 2023ல் ஃப்ளோரிடாவின் கீ லார்கோவில், ஒரு காலத்தில் ஆராய்ச்சிக்கூடமாக இருந்து பின் விடுதியாக மாறிய ஜூல்ஸ் அண்டர்சீ லாட்ஜில் 100 நாட்கள் இருந்தார். அது வேறு வகை. தரையில் திறந்த துளை, உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே ஏறவிடாமல் நிறுத்தி வைக்கிறது. அதனால் உடம்பும் அந்த அழுத்தத்துக்குப் பழகிவிடும். அவசரம் என்று நினைத்த நிமிடத்தில் மேலே ஓடிவர முடியாது, ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி ஆளை முடக்கிவிடும். பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் கூஸ்தோவின் குழுவினர் 1963ல் சூடான் கரைக்கு அப்பால் செங்கடலில், பவளப்பாறை நடுவே ஒரு மாதம் குடியிருந்ததும் இதே முறையில்தான். பிள்ளைகளோடு என்றால் கோக் செய்ததுபோல் சாதாரண அழுத்தத்தில் இருக்கும் குழாய் வீடுதான் பாதுகாப்பு.

ஆக, உங்கள் ஆசை உண்மையில் எது என்று பிரித்துப் பாருங்கள். ஊரைவிட்டு ஒதுங்கிக் கடலில் வாழ வேண்டும் என்றால் நல்ல எஃகுப் படகோ பாய்மரக் கலமோ போதும், நீர்மூழ்கியின் விலையில் சிறு பங்குக்கு வெளிச்சமும் காற்றும் உள்ள வீடு கிடைக்கும். மீன்களைப் பார்த்துக்கொண்டு தூங்க வேண்டும் என்றால், அமைதியான காயலில் மிதவை வீடு கட்டி அதன் அடியில் ஒரு ஜன்னல் அறை தொங்கவிடுவது சரியான வழி. பத்து மீட்டருக்குக் கீழே சிவப்பு நிறமே மறைந்துவிடுகிறது, 200 மீட்டருக்குக் கீழே வெளிச்சமே பேருக்குத்தான், எனவே அழகு முழுக்க மேலேதான் இருக்கிறது. இல்லை, நானே ஓட்டி ஆழத்துக்குப் போக வேண்டும் என்றால் படகு வீட்டோடு இரண்டு பேர் கலம் ஒன்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். அப்போதும் கீழே போகும் ஒவ்வொரு முறையும் மேலே விவரம் தெரிந்த ஒருவர் காத்திருக்க வேண்டும். சான்று எதற்கு என்று கேட்டு, கார்பன் இழையில் உடல் செய்து ஓட்டிய டைட்டன் என்ற சிறு நீர்மூழ்கி 2023 ஜூன் 18 அன்று ஐந்து பேரோடு நொறுங்கியதை எல்லோரும் பார்த்தோம்.

இதற்குப் பிறகும் பழைய நீர்மூழ்கிதான் வேண்டும் என்று ஒருவர் விலை பேச வந்தால், நான் விற்பவரிடம் மூன்று காகிதம் கேட்கச் சொல்வேன்: நீரின் அழுத்தத்தைத் தாங்கும் உடலின் தகட்டுத் தடிமனை அல்ட்ராசவுண்ட் வைத்து அளந்த சமீபத்திய அறிக்கை, பேட்டரி எந்த ஆண்டில் மாற்றியது என்பதற்கான ஆதாரம், கடைசியாக உலர்துறையில் ஏற்றிய தேதி. மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் பழைய இரும்பின் எடைக்கு மேல் ஒரு ரூபாய் தரக் கூடாது. அதிலிருந்தும் ஆஸ்பெஸ்டாஸ் அகற்றும் கூலியைக் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் காலத்துக் கப்பல்களில் அது குழாய்க்குக் குழாய் சுற்றியிருக்கும்.